அப்பாவின் ஆட்டுக் கதை

1

அப்பாவின் திவசம் வந்தால் எனக்கு முதல் கவலை வாழை இலைதான். கொல்லையில் மரம் வைத்திருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். நான் இருப்பது பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில், அடுக்குமாடிக் கட்டடத்தில். ரயில் மாறிப் போய், தமிழ்க் கடைகள் இருக்கும் தெருவில் குளிர்ப்பெட்டிக்குள் விறைத்துக் கிடக்கும் இலையை வாங்கி, கூட்டத்தில் கிழியாமல் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர வேண்டும். ரயிலில் எல்லோரும் என்னையே பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன். இத்தனை வருடத்தில் அது பழகிவிட்டது.

இலையில் என்னென்ன வைக்க வேண்டும் என்பதில் சந்தேகமே கிடையாது. ஆட்டுக்கறிக் குழம்பு, அவித்த முட்டை, வடை, சின்ன டம்ளரில் பிராந்தி, ஒரு சுருட்டு. செத்தவருக்கு எது பிடிக்குமோ அதைப் படைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். "அவுருக்குப் புடிக்காதது எம் பேச்சு ஒண்ணுதான், அத்த எலையில வைக்க முடியாதே" என்பாள் அம்மா.

அப்பா சொல்தா. புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை அப்படித்தான் சொல்வோம். உப்பளத்தில் எங்கள் வீட்டுக்குப் பெயரே சொல்தா வீடு. தபால்காரரிலிருந்து சிலிண்டர் போடுகிறவர் வரை யாரும் கதவு எண்ணைக் கேட்டதில்லை. வருடா வருடம் நவம்பரில், முதல் உலகப் போர் முடிந்த நாளன்று, அப்பா அந்தப் புழுக்கத்திலும் கோட்டு மாட்டிக்கொண்டு, பதக்கங்களைக் குத்திக்கொண்டு, கடற்கரைச் சாலை நினைவிடத்துக்குப் போவார். நானும் தம்பி செல்வமும் எதிரே கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே பார்ப்போம். பாண்டு வாசித்ததும் அப்பாவின் தாடை மேலே போகும். எனக்குப் பெருமை தாங்காது. அப்படி ஒரு விழாவுக்குப் போய்விட்டு வந்த வாரத்தில்தான் அவர் இறந்தார்.

சீருடையும் பதக்கமுமாக அவர் எடுத்துக்கொண்ட படம் உப்பளம் வீட்டிலும் மாட்டியிருக்கிறது, இங்கே என் கூடத்திலும் மாட்டியிருக்கிறது. படைத்து முடித்து, காக்கைக்கு வைத்து (இங்கே புறாதான் வந்து தின்னும்), எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் யாராவது ஒருவர் ஆட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். பிராந்தி போல, சுருட்டு போல, அதுவும் திவசத்தில் ஒரு பகுதி. அப்பா இருந்தபோதும் வீட்டில் கறி எடுத்தால் அந்தக் கதை உண்டு. அம்மாதான் சொல்வாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டே சிரிப்பார்.

2

கதை இதுதான்.

அப்பா அல்ஜீரியாவில் ஒரு மலைமேல் முகாமில் இருந்தார். அங்கே பிரான்சுக்கு எதிராகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. மாதக்கணக்கில் டின்னில் அடைத்த பீன்ஸும் ரொட்டியும்தான் சாப்பாடு. ஒரு நாள் ஊரிலிருந்து வந்த இன்னொரு சொல்தாவிடம் வீட்டில் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிய மசாலாத்தூள் வந்து சேர்ந்தது. அப்பா பிரித்தார், மோந்தார், அவ்வளவுதான், மனுஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மறுநாள் ரோந்து போன கிராமத்தில் ஓர் ஆட்டைப் பிடித்துக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே ஒரு கிழவி ஓடி வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அந்தப் பக்கம் இழுக்க, இவர் இந்தப் பக்கம் இழுக்க, ஆடு நடுவில் நின்று கத்துகிறது. கிழவி அவள் பாஷையில் திட்டுகிறாள். அப்பா தமிழில், "வுடு ஆயா, பசிக்குது ஆயா" என்கிறார். இந்த இடத்தில் சொல்பவர் கிழவி மாதிரி தொண்டையைக் காறி, அர்த்தமில்லாத சத்தமாக எழுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் அதைச் செல்வம்தான் பிரமாதமாகச் செய்வான்.

கப்பித்தேன், அதாவது படைத்தலைவர், ஜீப்பிலிருந்து இறங்கி, "உனக்கு அரபு தெரியுமா? அவளோடு என்ன பேசிக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டாராம். "தமிழ் பேசினேன் ஐயா. நன்றாகப் புரிந்துவிட்டது, அதனால்தான் இவ்வளவு கோபம்" என்றாராம் அப்பா. அன்றைக்கு அப்பா வைத்த குழம்பை முகாமே விரலை நக்கித் தின்றது. அதற்குப் பிறகு அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "போந்திஷேரி, போந்திஷேரி" என்று ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

அவ்வளவுதான் கதை. நாங்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறிச் சாப்பிடுவோம்.

3

ஸோராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மாடியிலேயே, லிப்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவள். அல்ஜீரிய மலைப்பகுதிக்காரி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு பேருக்கும் கணவர் போய்விட்டார். இரண்டு பேர் பிள்ளைகளும் வேறு ஊரில்.

நாங்கள் அறிமுகமானது மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில். என் அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் தாள்களைப் புரட்டிவிட்டு, "நீங்கள் எப்போது பிரெஞ்சுக்காரர் ஆனீர்கள்?" என்று கேட்டாள். "ஆகவில்லை, பிறந்தேன்" என்றேன். "எங்கே?" "புதுச்சேரியில்." "அது இந்தியாதானே?" கோபம் வந்தால் என் பிரெஞ்சு நொண்டும். ஆண்பால் பெண்பாலாகும், வினைச்சொல் காணாமல் போகும். என் அப்பா பிரெஞ்சுச் சிப்பாய், இந்த நாட்டுக்காகப் போரில் இருந்தவர் என்று ஏதோ திக்கித் திணறிக் கத்தினேன். அவள் புன்னகையோடு இன்னொரு சான்றிதழ் கேட்டாள். அப்போது எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஸோரா முன்னால் வந்து, சுத்தமான பிரெஞ்சில், எந்தச் சட்டப்படி எந்தத் தாள் போதும் என்று அந்தப் பெண்ணிடம் அடுக்கிச் சொன்னாள். ஸோராவுக்குக் குடியுரிமை கிடையாது, தங்கும் அனுமதி அட்டைதான். வாழ்க்கை முழுக்க ஜன்னல் முன்னால் நின்று நின்று அத்தனை சட்டமும் மனப்பாடம். பிறவிப் பிரெஞ்சுக்காரிக்கு வெளிநாட்டுக்காரி பரிந்து பேச வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் இரண்டு பேரும் சிரித்தோம்.

அன்றிலிருந்து அவள் எனக்கு அக்காபோல. சந்தையில் என்னைப் பார்ப்பவர்கள் இலங்கையா என்று கேட்பார்கள். அவளைப் பார்ப்பவர்கள் ஒன்றும் கேட்காமலே முடிவு செய்துவிடுவார்கள். நல்ல ஆட்டுக்கறி எந்தக் கசாப்புக் கடையில் கிடைக்கும் என்று காட்டிக் கொடுத்ததே அவள்தான். அங்கே ஹலால்தான், அதனால் என் வீட்டில் அவளும் சாப்பிடலாம். என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாத்திரம் பாத்திரமாகச் சூப்பு கொண்டு வந்தவளும் அவள்தான். இந்த நாட்டில் நான் செத்தால் முதலில் கதவைத் தட்டிப் பார்க்கப்போகிறவள் அவள்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

கூடத்தில் அப்பா படத்தை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். எந்தப் போர் என்று கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

4

போன வருடத் திவசத்துக்கு லியோனிலிருந்து என் மகள் காவ்யா வந்திருந்தாள். இருபத்தாறு வயது. தமிழ் புரியும், பேசினால் நாலு வார்த்தைக்கு மேல் போகாது. கோயிலுக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கும், பொங்கலுக்குக் கூப்பிட்டால் நண்பர்கள் வருவார்கள். ஆனால் தாத்தா திவசத்துக்கு மட்டும் எப்படியாவது வந்துவிடுவாள். நான் ஸோராவையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். படைத்ததை அவளுக்குப் போடக் கூடாதென்று குழம்பை முன்பே தனியாக எடுத்து வைத்தேன். பிராந்தி டம்ளரைக் குத்துவிளக்குக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். இவ்வளவும் யோசித்த நான் ஒன்றை யோசிக்கவில்லை.

சாப்பாட்டின் நடுவில் காவ்யா, "அம்மா, கதையை நான் சொல்லவா? மேடம் ஸோராவுக்காகப் பிரெஞ்சில்?" என்றாள். எனக்கு மனம் குளிர்ந்து போயிற்று. எங்கள் ஊரிலிருந்து வந்ததில் இந்தப் பெண் கையில் பத்திரமாக வைத்திருக்கும் ஒரே பொருள் அந்தக் கதைதான். சொல்லு என்றேன்.

அவள் நன்றாகச் சொல்வாள். டின் பீன்ஸுக்கும் மசாலா வாசத்துக்கும் ஸோரா சிரித்தாள். அல்ஜீரியா என்ற பெயர் வந்ததும் அவள் கரண்டி நின்றதை நான் பார்த்தேன். காவ்யா பார்க்கவில்லை. எழுந்து நின்று கயிறு இழுத்துக் காட்டினாள். கிழவி மாதிரி தொண்டையைக் காறிச் சத்தம் எழுப்பினாள், மாமாவிடம் கற்றுக்கொண்ட அதே சத்தம். நான் "காவ்யா" என்றேன். அவள் கப்பித்தேன் வரை போய்த்தான் நின்றாள்.

ஸோரா குரலை உயர்த்தவில்லை. "அந்த அம்மா என்ன சொன்னாள்?" என்று கேட்டாள்.

"தெரியாது, அதுதானே வேடிக்கை!" என்றாள் காவ்யா, இன்னும் சிரித்துக்கொண்டே.

"எங்கள் வீட்டிலும் ஓர் ஆடு இருந்தது" என்றாள் ஸோரா. "நான் அப்போது சின்னப் பெண். சிப்பாய்கள் வந்து மேய்ச்சலில் இருந்ததை எல்லாம் ஓட்டிக்கொண்டு போனார்கள். என் அம்மா பின்னாலேயே போனாள். என் தம்பி கைக்குழந்தை, அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது, அவன் குடித்தது அந்த ஆட்டுப் பாலைத்தான். அம்மா அதைத்தான் சொல்லிக்கொண்டே போனாள், குழந்தைக்கு என்று. நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கூட ஓடினேன், அதனால் எனக்குத் தெரியும். ஒருவன் திரும்பித் துப்பாக்கியைக் காட்டினான். நாங்கள் நின்றுவிட்டோம். அந்தக் குளிர்காலத்தில் தம்பி செத்துப் போனான்."

தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள். குழம்பு நன்றாக இருந்தது என்றாள். காவ்யாவின் தலையைத் தொட்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

எனக்கு முதலில் வந்தது என்ன நினைப்பு தெரியுமா? அதே ஆடாக இருக்க வழியே இல்லை, எத்தனை மலை, எத்தனை கிராமம் என்று. அப்படி நினைத்து ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் வெறுப்பு வருகிறது.

காவ்யா அழுதாள். அழுகை கோபமாயிற்று. "எனக்கு நீங்கள் கொடுத்தது இந்த ஒரு கதைதான். இதைப் போய்க் கொடுத்திருக்கிறீர்களே" என்றாள்.

"எங்களுக்கும் தெரியாது கண்ணு. தாத்தா சிரிச்சிகினேதான இருப்பாரு. அப்புடித் தெரிஞ்சிருந்தா சொல்லுவமா?"

"என்ன தெரியாது? கயிற்றின் அந்த முனையில் ஒரு பெண் இருந்தாள் என்பது தெரியும்தானே?"

நான் தட்டுகளைக் கழுவப் போனேன். அவள் மறுநாள் விடியும் முன்பே லியோனுக்குக் கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை வந்த போன் மாதம் ஒருமுறை ஆயிற்று.

5

ஸோரா சண்டை போட்டிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். அவள் சண்டை போடவில்லை. லிப்டில் பார்த்தால் "போன்ழூர்" சொல்வாள், கால்வலி எப்படி என்று கேட்பாள். ஆனால் இத்தனை வருடம் நீ என்று கூப்பிட்டவள் இப்போது நீங்கள் என்றாள். நம் ஊரில் மரியாதை கூடினால் சந்தோஷம். இங்கே அந்த மரியாதையைக் கேட்டு வீட்டுக்குள் வந்து அழுதேன். அவள் கதவை இரண்டு முறை தட்டப்போய்த் திரும்பிவிட்டேன். உள்ளே போய் என்ன சொல்வது? அப்பா சார்பில் மன்னிப்பா? அப்பா என்ன செய்தார் என்றே எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு வேடிக்கைக் கதை.

அந்த மார்கழிக் குளிரில் வேலைக்குப் போகும் பேருந்தில் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா பெரிய குடும்பத்துப் பிள்ளை இல்லை. தாத்தா பஞ்சாலைத் தொழிலாளி. அப்பாவின் கப்பித்தேனுக்கு அப்பா ஒரு கறுப்பு ஆள், பெயர்கூட வேண்டாத ஆள், ஊர்ப் பெயரே போதும். மேரி ஜன்னலில் எனக்கு நடந்தது அவருக்குத் தினமும் நடந்திருக்கும். ஆனால் அந்த மலைக்கிராமத்துப் பெண்ணுக்கு அவர் யார்? துப்பாக்கியோடு வந்த பிரெஞ்சுக்காரன். ஒருவருக்கு வேற்றாளாய் இருந்தவர் இன்னொருத்தியை வேற்றாளாக்கிவிட்டார். அவள் வாயிலிருந்து வந்தது பேச்சு என்றே எங்களுக்குத் தோன்றவில்லை, காறல் சத்தம் என்றுதான் தோன்றியது. எங்கள் பேச்சை இப்படி யாராவது கேலி செய்தால் நாங்கள் சும்மா இருந்திருப்போமா? பள்ளியில் என் சக வேலைக்காரி நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு லொடலொடவென்று நாக்கைச் சுழற்றிக் காட்டியபோது நான் ஒரு வாரம் அவள் முகத்தில் விழிக்கவில்லை. அதே வாரம் ஊரில் கறி எடுத்திருந்தால் செல்வம் கிழவிச் சத்தம் போட்டிருப்பான், நான் போனிலேயே சிரித்திருப்பேன்.

6

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். எண்பதைத் தாண்டிய அம்மா செல்வத்தோடு உப்பளம் வீட்டில்தான் இருக்கிறாள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு மறுபரிசோதனைக்கு அவளைக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் அழைத்துப் போக வேண்டியிருந்தது. விழுப்புரம் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்த கூட்டம். சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மாவுக்குக் கறுப்புக் கண்ணாடி. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், ஸோரா சொன்னதை அப்படியே சொன்னேன்.

அம்மா கையிலிருந்த சீட்டை மடித்தாள். அப்புறம், "அது கெழவி இல்லடி" என்றாள்.

"எதும்மா?"

"ஆட்டுக் கதையில. அவ கெழவி இல்ல. சின்னப் பொண்ணு. அப்ப எனக்கு என்னா வயசோ அந்த வயசுன்னு சொன்னாரு."

அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னதை நான் இங்கே சேர்த்து எழுதுகிறேன். கல்யாணமான புதிதில், முதல் தடவை கறி எடுத்துக் குழம்பு வைத்த அன்று, அப்பா ஒரு வாய் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். உப்பு கூடிவிட்டதோ என்று பயந்து அம்மா பின்னாலேயே போனாள். கிணற்றடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அந்தப் பெண் கயிற்றை விடவே இல்லையாம். கூட இருந்த சிப்பாய்கள் எல்லாரும் பார்த்துச் சிரித்தார்களாம். இவர் துப்பாக்கிக் கட்டையால் அவள் கையில் ஓங்கி அடித்தாராம். எலும்பு முறிந்த சத்தம் கேட்டதாம். அப்போதுதான் விட்டாளாம்.

"அப்பறம் கறி வச்சா சாப்புட மாட்டாரு, அழுவாரு. அழுவுற ஆம்பளைய வச்சிகினு நா என்னாடி பண்ணுவேன்? ஒரு நாளு அவுரு கூட்டாளிங்க சாப்புட வந்துட்டாங்க. இவுரு எலையப் பாத்துகினே ஒக்காந்துகினு இருக்காரு. எனக்கு மானம் போவுது. சட்டுனு நானே சொல்ல ஆரம்பிச்சேன். அவளக் கெழவியாக்கினேன். அடிச்சத வுட்டுட்டேன். வுடு ஆயா, பசிக்குது ஆயான்னேன். எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. இவுரு என்னப் பாத்தாரு. மொறைக்கிறாரோன்னு பயந்துட்டேன். அப்பறம் அவுரும் சிரிச்சாரு. சிரிச்சிட்டுக் கொழம்பு ரெண்டாந் தடவ கேட்டு வாங்கிச் சாப்புட்டாரு."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா. சிரிச்சாத்தான் சாப்புட்டாரு. நா சொல்லிகினே இருந்தேன்."

"கப்பித்தேன்கிட்ட பேசினது?"

"அது நா சேத்ததுதான். நல்லா இருந்துச்சு இல்ல?"

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பரிதாபம் வந்தது. படித்தவள் இல்லை, ஊரைத் தாண்டாதவள், அழுகிற மனிதரைச் சோறு தின்ன வைத்தாள். அதற்கு விலையாக அவள் கொடுத்தது, தான் பார்த்தே இராத ஒருத்தியின் வயதையும் கையையும்.

"புள்ளைங்ககிட்ட சொல்லிகினு இருக்காத" என்றாள் அம்மா. அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

செல்வத்திடம் மட்டும் சொன்னேன். அவன் பைக் துடைத்துக்கொண்டிருந்தான். "போனவரப் போயி இப்ப என்னாத்துக்குக் கெளறிகினு இருக்கக்கா? சண்டன்னா நாலு பேரு அடிபடத்தான் செய்வாங்க. அவுரு சொல்படி நடந்தாரு, அவ்ளோதான். அந்தப் பென்ஷன்லதான் நீயும் படிச்ச, நானும் படிச்சேன்" என்றான். ஆட்டைப் பிடிக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லையேடா, பசி அவருடையதுதானே என்றேன். துணியை உதறிவிட்டு உள்ளே போய்விட்டான்.

7

திரும்பி வந்த மறுநாள் ஸோரா கதவைத் தட்டினேன். ஊரிலிருந்து கொண்டுவந்த முந்திரியைக் கையில் எடுத்து, அப்புறம் வீட்டிலேயே வைத்துவிட்டேன். இதற்குப் பலகாரத்தோடு போகக் கூடாது என்று தோன்றியது.

உள்ளே உட்கார வைத்துக் காப்பி போட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிழவி இல்லை, இளம்பெண். அடித்தார். கை முறிந்தது. அம்மா கதையை மாற்றினாள். என் பிரெஞ்சு அன்றைக்கு நொண்டவில்லை, கோபம் இல்லாததாலோ என்னவோ. கடைசியில், "பிற்பாடு என் அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறார்" என்றேன். அதைச் சொல்வதா வேண்டாமா என்று விமானத்தில் வழியெல்லாம் யோசித்திருந்தேன். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"உங்கள் அம்மாவிடம் அழுதார்" என்றாள் ஸோரா. "அந்தப் பெண்ணிடம் இல்லை."

"இல்லை."

"ஆட்டைத் திருப்பிக் கொடுத்தாரா?"

"இல்லை."

கோப்பையின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். "மேரியில் நீங்கள் கத்தினீர்களே, அப்பா சிப்பாய் என்று. நான் இந்தோசீனாவில், வியட்நாம் பக்கம், சண்டை போட்டவர் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்காமல் இருப்பது வசதியாக இருந்தது. எனக்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரி வேண்டியிருந்தது."

"நான் உங்களிடம் மன்னிப்பு..."

"வேண்டாம்" என்றாள். "நான் அவள் இல்லை. அவள் சார்பில் மன்னிக்க எனக்கு உரிமை கிடையாது. அந்த வேலையை என் தலையில் கட்டாதீர்கள். உங்கள் அப்பா நாளில் இனி உங்கள் வீட்டுக்கு என்னால் வர முடியாது. மற்ற நாளில் வருகிறேனா என்று பார்க்கலாம்." பிறகு, "காப்பி ஆறுகிறது, குடி" என்றாள்.

குடி என்றுதான் சொன்னாள், குடியுங்கள் என்று சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

8

இந்த வருடத் திவசம் போன வாரம் வந்தது. வருவாளோ மாட்டாளோ என்றிருந்தேன், காவ்யா வந்தாள். வந்ததும் சுவரைப் பார்த்து, "படத்தை எடுத்துவிட்டு வேறு படம் மாட்டலாம், வேட்டி கட்டிய படம் இருக்கிறதே" என்றாள். வேண்டாம் என்றேன். வேட்டிப் படத்தை மாட்டிவிட்டால் அப்பா ஒரு நிமிடத்தில் நல்லவராகிவிடுவார், நாமும் கூடவே நல்லவர்களாகிவிடுவோம். சீருடைக்குள்ளே இருப்பவர்தான் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனவர். சாப்பிடாமல் தூங்கிவிட்டால் எழுப்பி ஊட்டியவர். அந்தக் கையும் அடித்த கையும் வேறு வேறு இல்லை. எனக்கு அவரை இன்னும் ரொம்பப் பிடிக்கும். அதுதான் கஷ்டம்.

கறி படைத்தேன். பிராந்தியும் சுருட்டும் வைத்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் கதையை நானே சொன்னேன், பாதி தமிழில், பாதி பிரெஞ்சில். மசாலா வாசம் முதல் எலும்பு முறிந்த சத்தம் வரை, எதையும் விடாமல். அந்தப் பெண் பேசிய இடம் வந்ததும், "அவ ஏதோ சொன்னா, என்னா சொன்னான்னு நமக்குத் தெரியாது, நாம யாரும் கேக்கல" என்றேன். காவ்யா தலை நிமிராமல் கேட்டாள். கப்பித்தேன் இல்லை, ஆயா இல்லை, முடிவில் சிரிப்பு இல்லை. குழம்பு ஆறிப் போய்விட்டது. அதையே சாப்பிட்டோம்.

பிற்பகல் ஊருக்குப் போன் செய்தேன். அம்மா காத்துக்கொண்டிருந்திருக்கிறாள், முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கறி படைச்சியா?"

"படைச்சேம்மா."

"பேத்தி வந்தாளா?"

"வந்தா."

"கதை சொன்னியா?"

"சொன்னேன். நீ ஆஸ்பத்திரியில சொன்ன மாதிரியே சொன்னேன்."

அந்தப் பக்கம் அம்மா மின்விசிறியை நிறுத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக, "யாரும் சிரிக்கலியா?" என்றாள்.

"இல்லம்மா."

"அய்யோ" என்றாள் அம்மா. "அவுரு தாங்க மாட்டாரேடி."

"தாங்கட்டும்மா" என்றேன்.